மூன்று மாத ராஜாவின் காசு

நம் கூட்டம் இப்போது யார் வீட்டில் சேர்ந்தாலும் பேச்சு முதலில் முட்டிவலிக்குப் போகிறது. அப்புறம் பிள்ளைகளின் கல்யாணம். கடைசியில், நாமெல்லாம் நியூஜெர்சி எடிசனில் சிறுசுகளாக இருந்த காலம். போன மாதம் அப்படி ஒரு மத்தியானத்தில்தான் உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "உங்க வீட்டு பேஸ்மென்ட்ல ஒரு டாக்டர் அங்கிள் இருந்தாரே, அவர் என்ன ஆனார்?" நான் "டெக்சஸ் போயிட்டார்" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்துவிட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். அன்றிலிருந்து மனசு அங்கேயே சுற்றுகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

இன்றைக்கு ஓக் ட்ரீ ரோட்டில் காரை நிறுத்த இடம் கிடைக்காமல் நகைக்கடையையும் புடவைக்கடையையும் சுற்றிச் சுற்றி வருகிறோம். அன்றைக்குத் துவரம்பருப்பு வேண்டுமென்றால் நியூயார்க் வரை போக வேண்டும். எங்கள் தெருவில் தமிழ் பேசும் வீடு எங்களுடையது மட்டும். அதனால் ஊரிலிருந்து யார் வந்தாலும், யாருடைய நண்பருக்கு நண்பராக இருந்தாலும், எங்கள் பேஸ்மென்ட்டில்தான் முதல் சில வாரம் படுப்பார்கள். பச்சைக் கம்பளம் விரித்த அறை அது. பழைய சோபா, ஒரு மேஜை விளக்கு, பக்கத்திலேயே வாஷிங் மெஷின். எந்நேரமும் சோப்பும் ஈரமும் கலந்த வாசனை.

அந்தக் கோடையில் வந்தவர் டாக்டர் அங்கிள். இலங்கைத் தமிழர். அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பியவர். இங்கே டாக்டராக வேலை செய்ய ஒரு பரீட்சை எழுத வேண்டும். அதற்குப் படிக்க வந்திருந்தார். மனைவியையும் மகளையும் கொழும்பில் மச்சான் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். பாஸானதும் கூப்பிட்டுக்கொள்வதாகத் திட்டம். ஒல்லியான மனிதர். சட்டையின் மேல் பட்டன் வரை போட்டிருப்பார். அவர் பேசும் தமிழ் எனக்கு முதலில் புரியவில்லை. பாட்டுப் பாடுவது போல இருந்தது. எனக்குப் பத்து வயது நடந்தது. என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே, அந்த வயதில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் சொல்வேன்.

வந்த அன்று பெட்டியைப் பிரித்தவர் கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். அவருடைய ஒரு ஜோடி காலுறைக்குள் ஏதோ கனமாக உருண்டையாகச் சுருட்டி வைத்திருந்தது. பிரித்தால், இருமல் மிட்டாய் டப்பா. அதற்குள் ஒரு பிடி செப்புக்காசு.

"என்ர மகளின்ர வேலை," என்றார். "எனக்குச் சொல்லாமல் வச்சிருக்கிறாள்."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எனக்கு அவர் அழுவது பயமாக இருந்ததால் காசைப் பார்த்தேன்.

எல்லாம் என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. பழுப்பும் கறுப்புமாக, ஓரம் நெளிந்து, தடிமனாக இருந்தன. ஒரு பக்கம் ஓர் ஆள் நிற்கிறான். குச்சிக் கால், மூக்கு நீண்டு இறால் தலை போல ஒரு முகம், இடுப்பிலிருந்து இரண்டு பக்கமும் வேட்டி மடிப்பு கோடு கோடாகப் பறக்கிறது, கையில் பூ. திருப்பினால் அதே ஆள் உட்கார்ந்திருக்கிறான். அவன் கைக்கருகே நாகரி எழுத்தில் ஒரு பெயர். எல்லாக் காசிலும் அதே ஆள்தான். பெயர் மட்டும் மாறும். பராக்கிரமபாகு, சாகசமல்லன், லீலாவதி, தர்மாசோகன். பழைய சிங்கள ராஜாக்கள், எண்ணூறு வருஷம் இருக்கும் என்றார்.

அவர் பொலன்னறுவைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் வாழை வைக்கக் குழி வெட்டியிருக்கிறார்கள். மகள் அந்த மண்ணை அளைந்துகொண்டிருந்தபோது ஒரு பானை கிடைத்ததாம். தொல்பொருள்காரர் ஒருவர் வந்து, பெயர்களையெல்லாம் வாசித்துக் காட்டி, பானையைக் கொண்டுபோயிருக்கிறார். அவள் அழுத அழுகையைப் பார்த்து ஒரு பிடியை மட்டும் விட்டுப்போனாராம்.

"புளி போட்டுத் தேய்ப்பாள். வெயில்ல காயவைப்பாள். படுக்கேக்க தலகணிக்குக் கீழ வச்சிருப்பாள்," என்றார்.

ஒன்றை மட்டும் தனியே எடுத்துக் காட்டினார். தர்மாசோகன் காசு. "இந்த ராசாவுக்கு எத்தனை வயசு எண்டு நினைக்கிறாய்?"

"ஃபார்ட்டி?"

"மூண்டு மாசம். தொட்டில் பிள்ளையைச் சிம்மாசனத்தில வச்சவை. பேரை மட்டும் மாத்திப்போட்டு, பெரிய ஆளின்ர உருவத்தையே அடிச்சு விட்டுட்டினம்."

"அப்புறம் அந்த பேபிக்கு என்ன ஆச்சு?"

அவர் டப்பாவை மூடினார். "சோழ நாட்டுப் பக்கமிருந்து ஒருத்தன் படையோட வந்தான்," என்றார்.

வாரம் ஒருமுறை கொழும்புக்கு டிரங்க் கால் போடுவார். சமையலறைச் சுவரில் மாட்டிய போன். லைன் கிடைக்கச் சில சமயம் அரை நாள் ஆகும். மனைவியோடு பேசுவார். எப்படி இருக்கிறாள், சாப்பிடுகிறாளா என்று மகளைப் பற்றிக் கேட்பார். ஆனால் மகளிடம் போனைக் கொடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்பா அதைக் கவனித்துவிட்டார்.

"பெத்த பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசினா என்ன? பில்லு நான்தானே கட்றேன்," என்று அம்மாவிடம் சொன்னார். "கொஞ்சம் கல்நெஞ்சு ஆளு போலிருக்கு."

அம்மா தினமும் சாப்பாட்டு மேஜையில் ரசத்தை ஊற்றியபடி ஒரே கேள்வியைக் கேட்பாள்: "பொண்ணு இப்ப என்ன பண்ணிட்டிருப்பா, டாக்டர் அண்ணா?" அவரும் கடிகாரத்தைப் பார்த்து, அங்கே என்ன நேரம் என்று கணக்குப் போட்டு, "இப்ப படம் கீறிக்கொண்டிருப்பாள்" என்பார். "இப்ப நித்திரை" என்பார்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம்; ஜூலைக் கடைசியில், கொழும்பில் சிங்களக் கும்பல்கள் தமிழர் வீடுகளை எரிக்கும் கலவரச் செய்தி வந்தது. உங்கள் வீடுகளிலும் அப்போது டிவி முன்னால் பெரியவர்கள் நின்றுகொண்டே பார்த்தது ஞாபகம் இருக்கும். எங்கள் போன் வேலை செய்தது, அந்தப் பக்கத்துப் போன்தான் அடிக்கவில்லை. டாக்டர் அங்கிள் சுவரில் முதுகைச் சாய்த்து, போனுக்கு அடியிலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். அம்மா தட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். கடைசியில் லண்டனில் இருந்த அவருடைய மைத்துனர் ஒருவர் கூப்பிட்டார். வீடு எரிந்துவிட்டது, தாயும் மகளும் உயிரோடு இருக்கிறார்கள், ஒரு பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்து இப்போது கப்பலில் யாழ்ப்பாணம் போகிறார்கள் என்றார். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

அந்த வாரம்தான் எங்கள் வீட்டில் நிவாரணத்துக்காகக் கூட்டம் போட்டார்கள். உங்கள் அப்பா அம்மாக்கள் பலரும் வந்திருந்தார்கள். நாம் கொல்லையில் விளையாடிக்கொண்டிருந்தோம். நான் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தேன். அப்பா ஒரு காசைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

"ராஜராஜ சோழன் காசு, சார். பாருங்க, 'ஸ்ரீ ராஜ'ன்னு இருக்கு பாருங்க. சிலோனைப் பிடிச்சப்போ அங்க அடிச்சது."

அப்பாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். நாகரி எழுத்தில் ஒன்றிரண்டைத் தவிர அவருக்கு வராது. அம்மா பள்ளிக்கூட நாளில் இந்திப் பரீட்சையெல்லாம் எழுதியவள். காபி டிரேயை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"ராஜ வரைக்கும் சரிங்க. அதுக்கப்புறம் லீலாவதின்னு இருக்கு."

"என்னது?"

"ஸ்ரீ ராஜ லீலாவதி. பொம்பளை பேரு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. டாக்டர் அங்கிள் மெதுவாகச் சொன்னார்: "ஓம், அவ ஒரு ராணி. மூண்டு தரம் ஆட்சிக்கு வந்தவ. மூண்டு தரமும் இறக்கிப்போட்டினம்."

அப்போது, ஸ்டேஷன் வேகன் வைத்திருந்த ஓர் அங்கிள், நிவாரணக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவரே அவர்தான், கோப்பையைக் கீழே வைத்தார். "டாக்டர், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டை எரிச்சிருக்காங்க. அவங்க ராஜா ராணி காசைப் பத்திரமா வச்சிக்கிட்டு எங்களுக்குக் காட்றீங்களே, எப்படி மனசு வருது?"

டாக்டர் அங்கிள் மேஜையிலிருந்த காசை எடுத்துத் தன் சட்டையில் துடைத்தார்.

"இது என்ர மகளின்ர காசு," என்றார். "அவள் மண்ணுக்குள்ள இருந்து எடுத்தவள். ஆரின்ர பேர் எழுதியிருக்கு எண்டு அவள் பார்க்கேல்ல." பிறகு படியிறங்கிப் போய்விட்டார். அந்த அங்கிள் வெகுநாள் வரை, அவரிடம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி அப்பாவை எச்சரித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் மறுபடி லண்டன் போன். அப்பா எடுத்தார். டாக்டர் அங்கிள் நூலகத்துக்குப் போயிருந்தார். அப்பா அதிகம் பேசவில்லை. "எப்போ?" என்றார். "அவங்க அப்படியா சொன்னாங்க?" என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "வெளில போய் விளையாடு" என்றார். நான் பின்கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்தேன். அம்மாவின் குரல் உயர்ந்து கேட்டது.

"சொல்லாம இருக்கறது பாவங்க."

"அவர் வைஃபே சொல்ல வேண்டாங்கறாங்க. எக்ஸாம் முடியட்டும்னு. இப்ப சொன்னா அவர் ஃப்ளைட் பிடிச்சு அங்க போயிடுவார். போனா திரும்பி வர முடியுமா?"

"அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

"பாக்காத."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. பரீட்சையில் ஏதோ சிக்கல் என்று நினைத்தேன். அன்று முதல் வீட்டில் சில விஷயங்கள் மாறின. அம்மா எனக்குத் தலைவாரிவிடுவதை ஹாலிலிருந்து மாடி பாத்ரூமுக்கு மாற்றினாள். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறதென்று வாங்கிய புது கவுனை அலமாரியில் ஒளித்தாள். அப்பாவோ நேர்மாறாக, "போய் அங்கிளுக்குக் கொஞ்சம் கம்பெனி குடு, பாவம், தனியா இருக்கார்" என்று என்னைக் கீழே அனுப்பிக்கொண்டே இருந்தார்.

நானும் போனேன். அப்போதுதான் அவருடைய மகள் பேச ஆரம்பித்தாள்.

அதுவரை அவள் செய்ததை மட்டும்தான் சொல்லியிருந்தார். இப்போது, படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டு, காசுகளைக் கம்பளத்தில் வரிசையாகப் பரப்பி, அவள் சொன்னதையெல்லாம் சொன்னார். ராஜா ஏன் ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் நிற்கிறார்? "இருந்து இருந்து கால் விறைச்சுப் போச்சாம், அப்பா. அதான் எழும்பி நிக்கிறார்." லீலாவதியை மூன்று முறை இறக்கிவிட்டார்களே? "அவ ஒவ்வொரு முறையும் கதவைப் பூட்ட மறந்துபோட்டா." மூன்று மாத ராஜாவுக்குக் கையில் எதற்குப் பூ? "பால் போத்தல் எண்டுதான் கீறினவை, அவைக்குக் கீறத் தெரியேல்ல." அவர் இதையெல்லாம் மெல்லிய குரலில், சின்னப் பெண் இழுத்துப் பேசுவது போலவே சொல்வார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன்.

எனக்கு அக்கா தங்கை கிடையாது, உங்களுக்குத் தெரியும். அந்த ஆகஸ்டில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். அவர் நூலகத்துக்குப் போன நேரங்களிலும் நான் கீழே போய் அவளோடு விளையாடுவேன். கம்பளத்தில் எனக்கு எதிரே அவளுக்கு இடம் விடுவேன். காசுகளில் அவளுக்குப் பங்கு பிரிப்பேன். என் நாக்கில் இங்கிலீஷ் மட்டுமே இருந்த அந்த நாளில், அவளுக்காக அவளுடைய தமிழில் பேசினேன். "நீ களவு விளையாடுறாய்." "இல்லை, நீதான்."

ஒருநாள் அம்மா துணிக்கூடையோடு இறங்கி வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"யார்கிட்ட பேசற?"

"டாக்டர் அங்கிள் டாட்டர்கிட்ட. ஷி இஸ் சிட்டிங் தேர்," என்று கையைக் காட்டினேன்.

கூடை அவள் கையிலிருந்து விழுந்தது. ஈரத் துணி படியெல்லாம் உருண்டது. என்னை வாரியெடுத்து மேலே கொண்டுபோனாள். பத்து வயதுப் பெண்ணை, கைக்குழந்தை போல. விபூதியை எடுத்து நெற்றி முழுக்கப் பூசினாள். "இனிமே அங்க தனியா போகாத" என்றாள். காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பயந்திருப்பேனா என்று இப்போதும் யோசிக்கிறேன். டாக்டர் அங்கிளின் மகள் இறந்த பிறகுதான் நான் அவளோடு விளையாடத் தொடங்கியிருந்தேன்.

பரீட்சை செப்டம்பரில் வந்தது. அப்பா லீவு போட்டு அவரைக் காரில் கூட்டிக்கொண்டுபோய், வெளியே காத்திருந்து கூட்டிவந்தார். அம்மா அன்று சமைத்ததை யாரும் தொடவில்லை. நான் மாடிப்படியில் உட்கார்ந்து கம்பிகளின் வழியே பார்த்தேன். டாக்டர் அங்கிள் கையைக் கழுவிவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தார். அப்பா தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், ஒரு விஷயம். உங்ககிட்ட முன்னாடியே…"

"சொல்ல வேண்டாம், அண்ணை. எனக்குத் தெரியும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டி மறுத்தாள்.

"ஒருத்தரும் சொல்லேல்ல," என்றார் அவர். "தங்கச்சி ஒவ்வொரு நாளும் கேப்பா, மகள் இப்ப என்ன செய்வாள் எண்டு. ஒரு நாள் கேக்கேல்ல. மறந்துபோனா எண்டு நினைச்சன். அடுத்த நாளும் கேக்கேல்ல. ரசத்தை ஊத்திப்போட்டு அங்கால திரும்பி நிண்டா."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காய்ச்சலோ?"

"ஆமா. அங்க போய்ச் சேர்ந்ததும்… மூளைக்குப் போயிடுச்சுன்னாங்க."

"எப்ப?"

அப்பா தேதியைச் சொன்னார். டாக்டர் அங்கிள் விரல்விட்டு நாளை எண்ணினார். "அண்டைக்கு நாங்கள் எல்லாரும் கடலுக்குப் போனம், என்ன? நான் சோளப்பொத்தி வாங்கிச் சாப்பிட்டன்."

"உங்க வைஃப்தான் சொல்ல வேண்டாம்னாங்க. எக்ஸாம்…"

"அவ சொன்னவவோ?"

"ஆமா."

"அப்ப சரி," என்றார். பிறகு தட்டை இழுத்து, சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார். நான் அதற்குப் பிறகு எத்தனையோ சாவு வீடுகளைப் பார்த்துவிட்டேன். அப்படி ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அந்தப் பரீட்சையில் அவர் பெயிலானார். அப்பா அதை மட்டும் சாகும்வரை தாங்கிக்கொள்ளவில்லை. எதற்காக மறைத்தோமோ அதுவும் கிடைக்கவில்லையே என்பார். அடுத்த முறை பாஸாகி, டெக்சஸில் ஒரு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்துப் போனார். சில வருடம் பொங்கலுக்குக் கார்டு வந்தது. பிறகு நின்றுவிட்டது. உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இவ்வளவுதான். ஆனால் அவர் மனைவி வந்ததை நீங்கள் யாரும் பார்க்கவில்லை.

கணவர் பாஸாகும்வரை காத்திராமல் அவர் அந்தக் குளிர்காலத்திலேயே வந்தார். அம்மாவின் கோட்டுதான் அவருக்கும். இருவரும் கொஞ்ச நாள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். ஆன்ட்டி அதிகம் பேச மாட்டார். அம்மா என்னை அவர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் ஒரு சனிக்கிழமை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, அவரே என்னைத் தேடி வந்தார். கையைப் பிடித்துப் பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிப்போய்ப் பச்சைக் கம்பளத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவர் சொன்னார், நீ என்ர மகளோட விளையாடினனியாம்."

எனக்குப் பயமாக இருந்தது. அம்மா அழுவாளே என்று மேலே பார்த்தேன்.

"அவர் உனக்கு என்ன சொன்னவர், அவளைப் பற்றி?"

அரைத் தமிழும் அரை இங்கிலீஷுமாக நான் சொன்னேன். ராஜாவுக்குக் கால் விறைத்துப்போனதைச் சொன்னேன். கதவைப் பூட்ட மறந்த ராணி. பால் போத்தல். அவள் சொன்னது போலவே, அதே இழுப்போடு சொன்னேன். ஆன்ட்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பிள்ளை," என்றார், "அவள் கதைக்க மாட்டாள்."

"ஷையா?"

"இல்லை. பிறந்ததில இருந்து. காதும் கேளாது. சத்தம் வரும், சொல் வராது. ஒரு சொல்லும் வந்ததில்லை."

எனக்குக் குழப்பமாக இருந்தது. டாக்டர் அங்கிள் பொய் சொன்னாரா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் முழங்காலில் கை வைத்தார். அந்தக் கை சில்லென்று இருந்தது. அழவில்லை. எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருப்பவரைப் போலக் கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

"வேற என்ன சொன்னவள்?" என்றார். "சொல்லு."

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அது தீர்ந்தபோதும் அவர் கையை எடுக்கவில்லை. அதனால் மேலும் சொன்னேன். அம்மா மேலேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.